கையேட்டில் 27, நெடுஞ்சாலையில் 18: ஹைப்ரிட் காரின் மைலேஜ் எங்கே போகிறது?

1. வேளச்சேரிவாசி (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். ஏழு மாதங்களுக்கு முன்பு முழு ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் வண்டியை ஓட்டும் வகை) எஸ்யூவி ஒன்றை வாங்கினேன். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 45 லிட்டர் டேங்க். குறை வண்டியிலா, நான் ஓட்டும் விதத்திலா என்று இன்னும் தெரியவில்லை. அதனால் வண்டியின் பெயரை எழுதவில்லை.

தினமும் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குப் போய்வருகிறேன். ஒரு நடைக்கு 22 கிலோமீட்டர். மெட்ரோ பணி நடக்கும் சாலை என்பதால் பாதி நேரம் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். அந்த நெரிசலில் லிட்டருக்கு 23 கிலோமீட்டர் கிடைக்கிறது. இதே வழியில் என் பழைய பெட்ரோல் கார் 11-ஐத் தாண்டியதில்லை. இதில் எனக்கு முழுத் திருப்தி.

சென்ற மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் போனேன். கையேட்டில் 27-க்கு மேல் போட்டிருக்கிறது. "டேங்கை நிரப்பினால் 1,200 கிலோமீட்டர் போகலாம்" என்று விற்பனையாளர் உறுதியாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி, போய்வர ஒரு டேங்க் போதும் என்று கணக்குப் போட்டேன். திரும்பும்போது கோவில்பட்டி தாண்டியதும் எரிபொருள் விளக்கு எரிந்துவிட்டது. இரவு பதினொரு மணி, பின்னிருக்கையில் அம்மாவும் குழந்தையும். அடுத்த பங்க் வரும்வரை எனக்கு இருந்த பதற்றத்தை மறக்க முடியவில்லை. அங்கே டேங்கை நிரப்பியபோது 38.6 லிட்டர் பிடித்தது. ஓடியிருந்தது 695 கிலோமீட்டர். லிட்டருக்கு 18.

நெரிசலில் 23, திறந்த சாலையில் 18. என் வாழ்நாளில் எல்லா வண்டியும் இதற்கு நேர் எதிராகத்தான் நடந்திருக்கிறது. எதில் பிழை?

2. மதுரைப் பட்டறை

தம்பி, பிழை என்று முடிவு கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள். நான்குவழிச் சாலையில் என்ன வேகம்? டயரில் காற்று எவ்வளவு, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? மேற்கூரையில் கேரியர் இருக்கிறதா? 18 என்பது திரையில் வந்த எண்ணா, பங்க்கில் நிரப்பிக் கணக்கிட்டதா?

3. வேளச்சேரிவாசி

பங்க்கில் நிரப்பிக் கணக்கிட்டதுதான் ஐயா. திரை 19.1 என்றது. வேகம் பெரும்பாலும் 105 முதல் 110. பெரியவர் மூவர், குழந்தை ஒன்று, பின்னால் சாமான் நிறைய. ஏசி முழுநேரமும் ஓடியது. காற்று பார்த்து இரண்டு மாதம் இருக்கும். கேரியர் இருக்கிறது. வீடு மாறியபோது போட்டது, இன்னும் கழற்றவில்லை.

4. கோவை ஆசிரியை (இயந்திரவியல்)

வண்டியில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொன்ன எண்களையே வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓஎம்ஆர், அதாவது நீங்கள் தினமும் சிறுசேரிக்குப் போகும் சாலை. 1,400 கிலோ எடையுள்ள வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 135 கிலோஜூல். சாதாரணக் காரில் பிரேக்கை மிதித்தால் அது முழுவதும் வெப்பமாகி வீணாகும். ஒரு நடையில் இப்படி 40 முறை நின்று கிளம்பினால் 5.4 மெகாஜூல். எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 30 மெகாஜூல் இருக்கிறது. அதில் முப்பது சதவீதம்தான் சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்தால் 9. ஆக, பிரேக்கில் மட்டும் 0.6 லிட்டர் போய்விடுகிறது. சிக்னலில் ஏசியோடு நின்றபடி இன்ஜின் ஓடினால் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கும். அரை மணி நேரம் நின்றால் அரை லிட்டர். உங்கள் பழைய கார் 22 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் குடித்ததன் ரகசியம் இதுதான். பாதிக்கும் மேலே, நகராததற்கும் நிறுத்தியதற்கும் செலவானது.

ஹைப்ரிட் இந்த இரண்டு ஓட்டைகளையும்தான் அடைக்கிறது. நிற்கும்போது இன்ஜின் பெரும்பாலும் அணைந்திருக்கும். ஏசி பேட்டரியில் ஓடும். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி ஆற்றலைத் திரும்பப் பிடிக்கும். அது பேட்டரிக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் ஏற்படும் இழப்புகளைக் கழித்தால் ஏறக்குறைய பாதி மிஞ்சும். 2 லிட்டரில் அரை லிட்டரும் 0.3 லிட்டரும் போனால் 1.2. அந்த இன்ஜினும் அட்கின்சன் சுழற்சியில் ஓடுவது. உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூடும். எரிந்த வாயு நன்றாக விரிந்து வேலை செய்த பிறகே வெளியேறும். 40 சதவீதத்தை ஒட்டிய வெப்பத்திறன் இப்படித்தான் சாத்தியமாகிறது. தொடக்க இழுவை குறைவு என்பது அதன் குறை. அதை மோட்டார் ஈடுகட்டிவிடுகிறது. இதையும் சேர்த்தால் 0.95 லிட்டர். 22-ஐ 0.95-ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் 23 வந்துவிடும்.

இப்போது நெடுஞ்சாலை. செங்கல்பட்டைத் தாண்டிவிட்டால் பிரேக்கும் இல்லை, சிக்னலும் இல்லை. மீட்பதற்கு அங்கே எதுவும் இல்லை. மிஞ்சுவது காற்றுத்தடை. அது வேகத்தின் இருமடியில் ஏறும். 80-லிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 1.9 மடங்காகிறது. டயர் உருளும் தடை அவ்வளவு மாறாது. இரண்டையும் கூட்டினால், உயரமான எஸ்யூவி 80-ல் ஒரு கிலோமீட்டருக்குக் கேட்பதைவிட 110-ல் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆற்றல் கேட்கும். கேரியரும் காற்றிறங்கிய டயரும் அதற்கு மேல் சுமை.

கையேட்டு எண் வேறு கதை. நம் நாட்டுச் சோதனைச் சுழற்சி சுமார் 20 நிமிடம் ஆய்வகத்தில் உருளைகள் மேல் ஓட்டிப் பார்ப்பது. முதல் மூன்றில் இரண்டு பங்கு நேரம் நகர ஓட்டம், வேகம் 50-ஐத் தாண்டாது. கடைசிப் பகுதியில்கூட 90-தான் உச்சம். ஏசி கிடையாது. நின்று கிளம்புவது நிறைய, அதிவேகம் இல்லை என்றால் ஹைப்ரிட்டுக்கு அதைவிடச் சாதகமான தேர்வு இருக்க முடியாது. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் முழு ஹைப்ரிட்டுகள் வெளிவந்தபோது 27.97 என்றும், ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் 26.5 என்றும், இன்னோவா ஹைகிராஸ் 23.24 என்றும் பெற்ற எண்கள் இந்த முறையில் வந்தவை. வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அவை உதவும். திருநெல்வேலிப் பயணத்தைத் திட்டமிட உதவாது. அந்த எண்ணை டேங்கின் கொள்ளளவால் பெருக்கி வாடிக்கையாளரிடம் சொல்வது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. குழந்தையோடு இரவில் சாலையில் நிற்கப்போவது அவர்கள் அல்ல.

5. சேலம் டீசல்

ஆசிரியை சொன்னதிலேயே என் வாதமும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் மீட்க எதுவும் இல்லை என்றால் அங்கே ஹைப்ரிட் எதற்கு? என் பத்து வருட டீசல் கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் 20 தருகிறது. மாதம் இரண்டு முறை சேலம்–பெங்களூரு போகிறேன். பேட்டரி, இரண்டு மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அதே எண்ணை வாங்குவதற்கு நான் ஏன் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும்?

கணக்கும் போட்டேன். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர். சாதாரண பெட்ரோல் 15, ஹைப்ரிட் 22 என்று தாராளமாகவே வைக்கிறேன். 1,000 லிட்டருக்குப் பதில் 682. மிச்சம் 318 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 31,800 ரூபாய். ஒரே மாடலில் ஹைப்ரிட்டுக்கு 4 லட்சம் கூடுதலாகக் கொடுத்தால் அது திரும்பிவரப் பன்னிரண்டரை ஆண்டு ஆகும்.

6. கோவை ஆசிரியை

உங்கள் கணக்கு சரி. உங்கள் ஓட்டத்துக்கு நானும் ஹைப்ரிட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் வேளச்சேரிவாசியின் அன்றாட வழிக்கு இதையே போட்டுப் பாருங்கள். அங்கே ஒப்பீடு 15-க்கும் 22-க்கும் இல்லை, 11-க்கும் 23-க்கும். அதே 15,000 கிலோமீட்டருக்கு 1,364 லிட்டருக்குப் பதில் 652. மிச்சம் 700 லிட்டருக்கு மேல். திரும்பிவரும் காலம் ஆறு ஆண்டுக்குள் வந்துவிடுகிறது. நகர டாக்சிக்கு இன்னும் குறையும். எந்தச் சாலையில் என்று கேட்காமல் "ஹைப்ரிட் லாபமா?" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

நெடுஞ்சாலையில் பயனே இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. இன்ஜினின் கூடுதல் திறன் அங்கேயும் இருக்கிறது. 85, 90-ல் போனால் அது தெரியும். 110-ல் காற்று அதை விழுங்கிவிடுகிறது.

7. வடமராட்சியான் (யாழ்ப்பாணம்)

இந்த இழையை வாசிக்கையில் 2022-ல் எங்கள் நாட்டில் வந்த எரிபொருள் தட்டுப்பாடு நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் நாட்டில் ஹைபிரிட் வாகனம் பல ஆண்டுகளாகவே சாதாரண மக்களின் வாகனம். ஜப்பானில் ஓடிக் கழிந்தவை இறக்குமதியாகி வந்தன. என்னுடையது ரொயோற்றா அக்குவா, 1.5 லீற்றர், தாங்கி 36 லீற்றர்.

அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் எரிபொருளுக்கு கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறை நாடு முழுவதும் வந்தது. காருக்குக் கிழமைக்கு (வாரத்துக்கு) 20 லீற்றர் மட்டும். 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 450 ரூபாய். அம்மாவுக்குக் கொழும்பில் கிளினிக். யாழ்ப்பாணத்தில் இருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். சாதாரண வாகனம் வைத்திருந்த என் மைத்துனருக்கு 20 லீற்றரில் அநுராதபுரம் கடந்து கொஞ்சத் தூரம் போகலாம், அவ்வளவுதான்.

நான் செய்தது இது. முதல் கிழமை 20 லீற்றர் அடித்துவிட்டு வாகனத்தை வீட்டில் நிறுத்தினேன். கடைக்கும் வேலைக்கும் சைக்கிள். அடுத்த கிழமை மீதி 16-ஐ அடித்துத் தாங்கியை நிரப்பினேன். பிறகு அம்மாவை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதி வழியே 60, 65-க்கு மேல் போகாமல் ஓட்டினேன். மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் குளிரூட்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டோம். போய்வந்து சுன்னாகத்தில் பார்த்தபோது தாங்கியில் நாலு லீற்றர் அளவில் மீதி இருந்தது. 800 கிலோமீற்றருக்குச் சுமார் 32 லீற்றர். லீற்றருக்கு 25.

ஜப்பானியச் சோதனையில் அந்த வாகனத்துக்குப் போட்டிருந்த எண் 35.4. அதை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் அந்த 25 இல்லாவிட்டால் அம்மாவின் மூன்று கிளினிக் திகதிகள் தவறியிருக்கும். என்னைப் பொறுத்தவரை மைலேஜ் என்பது பணக்கணக்கு மட்டுமில்லை.

சேலம் அண்ணா, உங்கள் டீசலை நான் குறை சொல்லவில்லை. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் டீசல் வரிசை பெற்றோல் வரிசையை விடவும் நீளம்.

8. சேலம் டீசல்

தம்பி, அம்மா இப்போது நலமா? நீங்கள் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

9. வடமராட்சியான்

நலமாக இருக்கிறார் அண்ணா. கேட்டதற்கு நன்றி.

10. பனிவீதி (ஸ்காபரோ, கனடா)

நாங்கள் இங்கே 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று கணக்குப் பார்ப்போம். என் ஹைபிரிட் செடான் கோடையில் 4.6, அதாவது உங்கள் கணக்கில் லிட்டருக்கு 22 அளவில். தை மாதத்தில் 6.5-க்கு ஏறும், லிட்டருக்கு 15 என்று வரும். வாங்கிய முதல் குளிர்காலத்தில் நானும் இப்படித்தான் திகைத்தேன்.

காரணம் வெப்பம். மின்கலம் குளிரில் மந்தமாகிறது. உள்ளே சூடு வேண்டும் என்பதற்காகவே இன்ஜின் அணையாமல் ஓடுகிறது. குறுகிய பயணங்களில் இன்ஜின் சூடேறும் முன்பே வீடு வந்துவிடும். நகர ஓட்டத்தில் 25 பாகை வெப்பத்தோடு ஒப்பிட்டால் உறைநிலைக்குக் கீழே 7 பாகையில் சாதாரணப் பெற்றோல் காரின் மைலேஜ் 15 சதவீதம் அளவில் குறையும், ஹைபிரிட்டுக்கு 30 முதல் 34 சதவீதம் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. சென்னையில் இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

மின்னிணைப்பில் சார்ஜ் செய்யும் ஹைபிரிட் வாங்க யோசிப்பவர்களுக்கு ஒன்று. ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், 2021-ல் பதிவான இத்தகைய வாகனங்கள் உண்மையான சாலையில் வெளியிடும் கரியமிலவாயு ஆய்வக எண்ணைப் போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று வந்தது. வாகனத்துக்குள்ளேயே பதிவான எரிபொருள் தரவில் இருந்து எடுத்தது அது. ஆய்வகத்தார் நினைத்த அளவுக்கு மக்கள் சார்ஜ் செய்யவில்லை. என் பக்கத்து வீட்டாரின் காரில் சார்ஜ் செய்யும் வடம் இன்னும் உறையிலேயே கிடக்கிறது.

11. பழனிமலை

இதே இழையில் கேட்கலாமா? போன வாரம் கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது, கால்வாசித் தூரம் வருவதற்குள் பேட்டரி முழுதாக நிரம்பிவிட்டது. அதன் பிறகு, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே இன்ஜின் திடீரென்று உறுமத் தொடங்கியது. இறக்கத்தில் இன்ஜின் ஓடினால் பெட்ரோல் வீண்தானே? ஏதாவது கோளாறா? மனைவி பயந்துவிட்டார்.

12. மதுரைப் பட்டறை

கோளாறு இல்லை, பயப்பட வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். பேட்டரி நிரம்பியபின் மோட்டார் பிடிக்கும் மின்சாரத்தை வைக்க இடமில்லை. அதனால் வண்டி அந்த மின்சாரத்தைக் கொண்டு இன்ஜினைச் சும்மா சுழற்றுகிறது. அப்போது பெட்ரோல் உள்ளே போகாது. லாரி ஓட்டுநர்கள் கீழ் கியரில் இறங்குவது போலத்தான். உங்கள் வண்டியில் 'பி' நிலை இருந்தால் மலை இறக்கத்தில் அதைப் போடுங்கள், பிரேக் சூடேறாது. சமதளத்தில் போடாதீர்கள்.

13. கோவை ஆசிரியை

அளவையும் சேர்த்துச் சொல்கிறேன், அப்போது ஏன் அவ்வளவு சீக்கிரம் நிரம்பியது என்று புரியும். அடிவாரத்துக்கும் கொடைக்கானலுக்கும் சுமார் 1,800 மீட்டர் உயர வித்தியாசம். ஆட்களோடு 1,600 கிலோ வண்டி என்றால், இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 28 மெகாஜூல். மின்கணக்கில் ஏறக்குறைய 8 யூனிட். ஹைரைடர் வகை வண்டிகளின் பேட்டரி 0.76 யூனிட்தான், அதிலும் ஆயுள் கருதி முழுவதையும் பயன்படுத்த விடாது. குடத்தில் ஆற்றைப் பிடிக்கப் பார்ப்பது போன்றது. மலையேற்றத்தில் செலவானதில் மிகச் சிறிய பங்குதான் இறக்கத்தில் திரும்பும்.

வேளச்சேரிவாசிக்கும் இதில் செய்தி உண்டு. இந்தப் பேட்டரி தூரத்தைக் கூட்டுவதற்கு இல்லை. ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த புறப்பாட்டுக்கும் நடுவே ஆற்றலைக் கொஞ்ச நேரம் வைத்திருப்பதற்கு மட்டும்தான். எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பதை முடிவுசெய்வது டேங்கும் உங்கள் வேகமும்.

14. தாம்பரம் தமிழினி

நான் நான்கு ஆண்டுகளாக ஹைப்ரிட் செடான் ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்த வழி, மின்சாரத்தில் மட்டும் ஓடுவதைக் காட்டும் பச்சை 'இவி' விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வது. ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் ஒரு பயணத்தில் பாதித் தூரம் மின்சாரத்திலேயே போகும். இலவச ஓட்டம்தானே?

15. கோவை ஆசிரியை

இங்கே மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. வெளியிலிருந்து சார்ஜ் செய்யாத வண்டியில் இலவச மின்சாரம் கிடையாது. பிரேக்கில் மீட்டதைத் தவிர மற்றதெல்லாம் பெட்ரோலில் இருந்து வந்தது. இன்ஜின், ஜெனரேட்டர், பேட்டரி, மீண்டும் மோட்டார் என்று சுற்றி வரும்போது ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் குறைகிறது. விளக்குக்காக ஊர்ந்து போய்ப் பேட்டரியைத் தீர்த்துவிட்டால், பிறகு இன்ஜின் அதை நிரப்பக் கூடுதலாக உழைக்கும்.

சிக்னலில் இருந்து சற்று உற்சாகமாகவே கிளம்புங்கள். நடுத்தரச் சுமையில்தான் இன்ஜினின் திறன் நன்றாக இருக்கும். வேகம் எட்டியதும் காலைத் தளர்த்துங்கள். அதைவிட முக்கியம், முன்னால் சிவப்பு தெரிந்தவுடன் தொலைவிலிருந்தே மெல்லப் பிரேக் பிடிப்பது. திடீரென்று மிதித்தால் மோட்டாரால் அவ்வளவையும் பிடிக்க முடியாது, மீதியைப் பிரேக் தகடுகள் தின்றுவிடும்.

16. தாம்பரம் தமிழினி

என் அனுபவத்தில் நெரிசலில் என் முறைக்குத்தான் எண் கூடுகிறது. நீங்கள் சொன்னபடி இரண்டு டேங்க் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

17. மதுரைப் பட்டறை

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பல ஹைப்ரிட் கார்களில் பின்னிருக்கைக்குக் கீழோ பக்கத்திலோ பேட்டரிக்குக் காற்றிழுக்கும் வலைத்துளை இருக்கும். அதன் மேல் பையை வைத்து அடைக்காதீர்கள். நாய்முடியும் புழுதியும் அடைத்த வடிகட்டிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பேட்டரி சூடானால் வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டார் உதவியைக் குறைக்கும். மைலேஜ் மெல்ல மெல்ல இறங்கும், ஓட்டுபவருக்குக் காரணமே தெரியாது. சர்வீசில் கேட்டு அதைத் துப்புரவு செய்யச் சொல்லுங்கள்.

18. வடமராட்சியான்

இதை நான் அனுபவத்தில் கற்றேன். எங்கள் ஒழுங்கையில் ஓடும் இன்னொரு பழைய ஹைபிரிட்டின் விசிறி முழுக்கச் செம்மண் புழுதி. உள்ளே இருபது மின்கலத் தொகுதிகள். ஒன்று பழுதாக, அதை மட்டும் மாற்றினார்கள். மூன்று மாதத்தில் அடுத்தது போனது. பழசுகளுக்கு நடுவில் புதிதாக ஒன்றை வைத்தால் இப்படித்தான் ஆகிறது. பாவித்த வாகனம் வாங்குபவர்கள் முதலில் மின்கலத்தைத்தான் பரிசோதிக்க வேண்டும். ஓடோமீற்றரில் உள்ள எண்ணை எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை.

19. சேலம் டீசல்

எத்தனாலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே? 20 சதவீதம் கலந்தது வந்தபிறகு எல்லாருக்கும் எண் குறைந்திருக்கும்தானே?

20. கோவை ஆசிரியை

குறையும். எத்தனாலில் லிட்டருக்குச் சுமார் 21 மெகாஜூல், பெட்ரோலில் 32. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் மொத்த ஆற்றல் 7 சதவீதம் அளவுக்கு இறங்கும். அந்தப் பெட்ரோலுக்கென்றே அமைத்த இன்ஜின் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆனால் 27, 18 ஆனதற்கு இது காரணமாகாது.

21. வேளச்சேரிவாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உறவினர் திருமணத்துக்காக மறுபடியும் திருநெல்வேலிக்குப் போனேன். அதே நால்வர், ஏறக்குறைய அதே சாமான், அதே ஏசி. கேரியரைக் கழற்றினேன். டயர்களில் காற்று 27, 28 என்று இறங்கியிருந்தது. குளிர்ந்த நிலையில் 33-க்கு ஏற்றினேன். வேகத்தை 90-க்கு மேல் விடவில்லை.

வண்டலூரில் வாய்வரை நிரப்பிக்கொண்டு கிளம்பி, திருநெல்வேலியில் மீண்டும் நிரப்பியபோது ஓட்டம் 604 கிலோமீட்டர், பெட்ரோல் 26.9 லிட்டர். லிட்டருக்கு 22.5. திரை 23.6 என்றது. நேரம் ஒரு மணி பத்து நிமிடம் கூடுதலாகியது. இந்த முறை காற்றின் இரைச்சல் இல்லாததால் விருதுநகர் வரை அம்மா தூங்கிக்கொண்டே வந்தார்.

45 லிட்டரில் 6 லிட்டரைத் தொடாமல் வைத்தால் 39. அதை 22-ஆல் பெருக்கினால் 858. இனி என் கணக்கு இதுதான். 800-க்குள் எங்கே பங்க் என்று பார்த்துவிட்டே கிளம்புவேன். திரும்பும்போது அம்மா சொன்னபடி சாத்தூரில் சேவு வாங்க நிறுத்தினோம், அப்படியே டேங்கையும் நிரப்பிக்கொண்டோம்.

22. மதுரைப் பட்டறை

காற்றை இனி பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள் தம்பி. ஸ்டெப்னியையும் சேர்த்து.